அரிந்த பலகையில் உளு விழாமல் காப்பது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறையில் மரவேலை தொடங்குவோருக்கு

நான் செய்து விற்ற மேசைக்குக் கீழே ஐந்தாவது மாதம் மா கொட்டத் தொடங்கியது. பிள்ளைகள் பவுடரைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்து வீட்டுக்காரர் கூட்டித் தள்ளியிருக்கிறார். மறுநாளும் அதே இடத்தில் அதே குவியல். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். மேசைக் காலில் குண்டூசியால் குத்தியது போல ஒன்பது துளை. வீட்டுக்கு வந்து கொட்டிலில் அடுக்கியிருந்த மிச்சப் பலகைகளைப் புரட்டினேன். 42 பலகையில் 17 எறிய வேண்டியதாயிற்று. சிலதை விரலால் அழுத்தினாலே உள்ளே போனது.

அந்த மரம் காசு கொடுத்து வாங்கியதும் அல்ல. படுவான்கரையில் எங்கள் காணியில் நின்ற ஒரு மாமரமும் இரண்டு தேக்கும்தான். அரிந்து, ஏற்றி, ஆரையம்பதியில் வீட்டுக்குப் பின்னால் அடுக்கி, "காயட்டும்" என்று விட்டுவிட்டேன். தப்பு அங்கேதான். மரம் காய்ந்துவிட்டால் உளு, அதாவது மரத்தை உள்ளிருந்து தின்று மாவாக்கும் வண்டு, வராது என்று நான் நம்பியிருந்தேன். உண்மையில் உளுவுக்குப் பிடித்ததே காய்ந்த மரம். செய்ய வேண்டிய வேலை எல்லாம் மரம் பச்சையாக இருக்கும் முதல் வாரத்தில் இருக்கிறது. கீழே உள்ளது இரண்டாவது லோட் மரத்துக்கு நான் செய்ததும், செய்யும்போது பட்டுத் தெரிந்துகொண்டதும்.

1. தூளைப் பார்த்து ஆளை அறியுங்கள்

மருந்து வாங்க ஓடாதீர்கள். பலகைக்கு அடியில் ஒரு கறுப்புத் துணியை விரித்து இரண்டு நாள் விடுங்கள். என்ன விழுகிறது என்று பாருங்கள்.

முகப்பவுடர் போல, விரலில் தேய்த்தால் நெறுநெறுக்காத மா விழுந்து, துளை 1 முதல் 2 மில்லிமீற்றர் இருந்தால், அதுதான் நாம் உளு என்று சொல்வது. துளை 3 முதல் 6 மில்லிமீற்றர் வரை பெரிதாகவும் தூள் கொஞ்சம் முரடாகவும் இருந்தால் அதே குடும்பத்துப் பெரிய வண்டு. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்.

மா இல்லாமல் கசகசா போன்ற மணிகள் விழுகிறதா? ஒன்றை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஆறு பட்டை தெரியும். அது காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கறையான். அதற்கு மண்ணும் வேண்டாம், ஈரமும் வேண்டாம். மண்ணால் கட்டிய பாதை ஏறியிருந்தால் நிலத்துக் கறையான். அதைப் பற்றி 5ஆம் படியில் சொல்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது. ஊசித்துளை, துளையின் ஓரம் கறுத்திருக்கும், தூள் எதுவும் கொட்டாது. இது பச்சை மரத்தில் மட்டும் விழும் பூச்சி. மரம் காய்ந்ததும் செத்துவிடும், பிறகு திரும்பி வராது. இதைத் தெரியாமல் நல்ல மருதுப் பலகை ஒன்றை மரக்காலையில் "உளு விழுந்தது" என்று வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தேன். பின்னால் வந்தவர் குறைந்த விலைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

ஒரு விடயத்தை மனதில் வையுங்கள். உளுவின் துளை அது உள்ளே போன வழி அல்ல, வெளியே வந்த வழி. முட்டையிலிருந்து வந்த புழு மாதக்கணக்காக உள்ளே தின்று, வண்டாகிப் பறந்த பிறகுதான் நமக்குத் துளை தெரிகிறது.

2. வாங்கும்போது வெள்ளையைப் பாருங்கள்

அடிமரத்தின் நடுவில் கறுத்த வைரம், அதைச் சுற்றி வெளிறிய வெள்ளை. உளுவுக்கு வேண்டியது மாச்சத்து. அது வெள்ளையில்தான் இருக்கிறது. பெண் வண்டு மரத்தைக் கடித்துப் பார்த்து, மாச்சத்து இருந்தால்தான் மரத்தின் நுண்துளைகளுக்குள் முட்டை இடும். எங்கள் ஊர் ஓடாவியார் ஒருவர் இதை ஒரே வரியில் சொன்னார்: "தேக்கெண்டா தேக்கில்ல மனே, வைரம்தான் தேக்கு. வெள்ள எல்லாம் உளுவுக்குச் சோறு."

அதனால் மரத்தின் பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். தேக்கு, மகோகனி, பலா, முதிரை எதுவானாலும் வைரம் தாங்கும், வெள்ளை தாங்காது. சிறு வயதில் வெட்டிய தோட்டத் தேக்கில் வெள்ளை அகலமாக இருக்கும். என் இரண்டு தேக்கும் அப்படித்தான். மாமரத்தில் வெள்ளை ஏராளம். இறப்பர் மரத்தில் வைரம் என்று பிரித்தெடுக்கவே ஒன்றும் இல்லை. மருந்து ஏற்றாத இறப்பர் பலகையைச் சேமித்து வைக்கவே வேண்டாம். வேம்பு கசக்கும், பூச்சி அண்டாது என்பார்கள். வேப்ப வெள்ளையில் நானே துளை பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுப் பெட்டிகளை உடைத்து வரும் பைன் பலகையில் இந்த உளு விழாது, ஆனால் கறையானுக்கு அது விருந்து. அந்தப் பெட்டிகளில் HT என்று முத்திரை இருந்தால், மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று அர்த்தம். அன்றைக்கு உள்ளே இருந்தது செத்தது, அவ்வளவுதான். நாளைக்கு வருவதை அந்த முத்திரை தடுக்காது.

சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை. பார்மசியில் கிடைக்கும் ஐயோடினைப் புதிதாக அறுத்த முனையில் ஒரு துளி விடுங்கள். கருநீலமாக மாறினால் மாச்சத்து இருக்கிறது, உளு வரும். மஞ்சள் கபிலமாகவே நின்றால் பயம் குறைவு. சின்னப் போத்தல் ஒன்று ஒரு வருடத்துக்குக் காணும். மரக்காலையில் போய் இதைச் செய்தால் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வெள்ளையை முழுதாகச் சீவி எறிவது நிச்சயமான வழி. செலவும் அதுதான் அதிகம்: மெல்லிய குத்தியில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கதவு, நிலை போன்ற வேலைக்கு நான் வெள்ளையை வெட்டிவிடுகிறேன். மேசை, அலுமாரிக்கு வெள்ளையை வைத்துக்கொண்டு மருந்து ஏற்றுகிறேன். மரம் அரிவிக்கும் போதே வெள்ளை அதிகமுள்ள பலகைகளைச் சுண்ணக்கட்டியால் குறித்துப் பிரித்து வையுங்கள். காய்ந்து அழுக்கான பிறகு எது வெள்ளை, எது வைரம் என்று பார்ப்பது கஷ்டம்.

3. பத்திரங்களை மரத்துக்கு முன்னால் தயாராக்குங்கள்

பூச்சிக்கும் பத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. பத்திரம் பிந்தினால் குத்தி வெட்டிய இடத்திலேயே பட்டையோடு கிடக்கும். எனக்கு அப்படி மூன்று வாரம் கிடந்தது. பட்டையோடு கிடக்கும் குத்திதான் துளைக்கும் பூச்சிகளுக்குத் திறந்த வீடு. என் 17 பலகையில் பாதிக்கு உளு காணியிலேயே ஏறிவிட்டது என்பது என் சந்தேகம்.

சொந்தக் காணி மரம் என்றால்:

முதலில் கிராம சேவகரிடம் போங்கள். காணி உறுதியின் பிரதி, அடையாள அட்டை, மரங்கள் எத்தனை, சுற்றளவு எவ்வளவு, எங்கே நிற்கிறது என்ற விபரம் கையில் இருக்க வேண்டும். மரம் நிற்கும்போதே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். உறுதி அப்பா பெயரிலும் விண்ணப்பம் உங்கள் பெயரிலும் இருந்தால் சம்மதக் கடிதம் கேட்பார்கள். நான் அதற்காக ஒரு நாள் திரும்பி அலைந்தேன்.

பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றும் தனிச் சட்டத்தில் வருகின்றன. உங்கள் வளவில் நீங்களே நட்டதாக இருந்தாலும் பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது.

வெட்டிய பிறகு ஏற்றிப் பறிக்க மரப் போக்குவரத்து அனுமதிப்பத்திரம். சில இனங்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் மரம் எந்தப் பக்கம் என்பதை வன இலாகா அலுவலகத்தில் வெட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். லொறியைப் பிடித்துவிட்டு வீதியில் நின்று கேட்பது செலவு. பத்திரத்தில் எழுதிய நாளில், எழுதிய வழியால்தான் போக வேண்டும். "குறுக்கால போவம்" என்று சாரதி சொன்னால் கேட்காதீர்கள். குத்தியாகப் போனதை அரிந்து பலகையாகத் திரும்பக் கொண்டுவரவும் பத்திரம் வேண்டுமா என்பதையும் அதே பயணத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மரக்காலையில் வாங்கினால் பதிவு செய்த மரக்காலையில் வாங்கி, பற்றுச்சீட்டில் இனம், நீளம், எண்ணிக்கை மூன்றும் எழுதி வாங்குங்கள். "மரம்: 1 லோட்" என்று எழுதிய சீட்டு எதற்கும் உதவாது. எல்லாப் பத்திரங்களின் பிரதியையும் ஒரு பொலித்தீன் உறையில் போட்டு அடுக்குக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறேன். ஒரு வருடம் கழித்து யாராவது வந்து கேட்டால் வீட்டு லாச்சியைக் கிளற வேண்டியதில்லை.

நாட்கணக்கு: எனக்கு முதல் தடவை கடிதத்திலிருந்து லொறி வரை ஐந்து வாரம் போனது. இரண்டாவது தடவை எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு போனதால் இரண்டு வாரத்துக்குள் முடிந்தது. ஆகவே பத்திரம் கைக்கு வரும் நாள் தெரிந்த பிறகு மரம் வெட்ட ஆளைச் சொல்லுங்கள். மரம் அரியும் ஆலையிலும் அப்போதே நாளைக் கேட்டு வையுங்கள்.

4. முதல் வாரம்: வெங்காரக் குளியல்

இதுதான் முழு வேலையிலும் பெரியது. இதைச் சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் காவல் மட்டும்தான்.

வேண்டியவை இரண்டு பொருட்கள்: வெங்காரம் (போராக்ஸ்), போரிக் அமிலம். வெங்காரம் நகை வேலை செய்பவர்கள் பற்றவைக்கப் பாவிப்பது. போரிக் அமிலம் கரம் பலகையில் போடும் பவுடரின் சரக்கு. ஆனால் கரம் பவுடரை வாங்கி வராதீர்கள், டப்பா டப்பாவாக வாங்கினால் மரத்தின் விலையைத் தாண்டிவிடும். இரண்டையும் இரசாயனப் பொருள் விற்கும் கடையில் மூட்டையாகக் கேளுங்கள். மட்டக்களப்பில் எனக்கு ஒன்று கிடைத்தது, மற்றதைக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் போட்டு எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு நாலு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள்.

அளவு: 10 லீற்றர் தண்ணீருக்கு 600 கிராம் வெங்காரம், 400 கிராம் போரிக் அமிலம். தனித்தனியே போட்டால் லேசில் கரையாது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று கரைக்கும். அடுப்பில் கை பொறுக்காத சூட்டுக்குத் தண்ணீரைக் காய்ச்சி, வெங்காரத்தை முதலில் போட்டுக் கலக்கி, அப்புறம் மற்றதைப் போடுங்கள். அடியில் மணல் போலத் தங்கினால் இன்னும் சூடு வேண்டும்.

தொட்டி: சீமெந்தில் கட்டத் தேவையில்லை. நான் 9 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், 1 அடி ஆழத்தில் பலகை அடித்து ஒரு பெட்டி செய்து, தடித்த பொலித்தீனை இரண்டு மடிப்பாக உள்ளே விரித்தேன். 8 அடி நீளம், 9 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்புள்ள பலகை என்றால் பத்தை விளிம்பில் நிறுத்தி அடுக்கலாம். இடையில் சின்னக் குச்சிகள் வையுங்கள், பலகையும் பலகையும் ஒட்டினால் நடுவில் மருந்து படாது. மரம் மிதக்கும், மேலே கல் வையுங்கள். பலகை நிறைந்த தொட்டிக்கு 150 லீற்றர் போதும். அதாவது 9 கிலோ வெங்காரம், 6 கிலோ போரிக் அமிலம்.

ஒரு இரவு ஊறட்டும். வெறுமனே ஒரு முங்கு முக்கி எடுத்தால் போதும் என்று ஒருவர் சொன்னார். இந்தச் செறிவுக்கு அது போதாது.

இனி நான் முதலில் கோட்டைவிட்ட விடயம். எடுத்த பலகையைக் காய வைக்கக்கூடாது. குச்சி இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கி, பொலித்தீனால் காற்றுப் புகாமல் முழுதாகச் சுற்றிக் கட்டி, நிழலில் 4 வாரம் விடுங்கள். மேலே பட்ட மருந்து மரத்தின் சொந்த ஈரத்துக்குள்ளால் மெல்ல மெல்ல நடுவுக்குப் போகும். ஈரம் இல்லை என்றால் அது போக வழி இல்லை. இதனால்தான் பச்சையாக, அரிந்து இரண்டு மூன்று நாளுக்குள் செய்யச் சொல்கிறேன். 2 அங்குலத் தடிப்பு என்றால் 8 முதல் 10 வாரம். அதற்கு மேல் தடித்த தீராந்திக்கு வீட்டுத் தொட்டி சரிவராது, வைரமாக வாங்குங்கள்.

சுற்றிக் கட்டிய பலகையில் பச்சை, கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். பயப்பட வேண்டாம், சீவுளி ஓடினால் போய்விடும். பிறகு காயும்போது பலகையின் மேல் வெள்ளையாகப் பளபளவென்று பூக்கும். அது மருந்தின் உப்பு. முதல் தடவை அதை உளு மா என்று நினைத்து எனக்கு வயிறு கலங்கியது. ஈரத் துணியால் துடைத்தால் மறைந்தால் உப்பு.

கவனிக்க வேண்டியவை சில. அடுத்த பத்துப் பலகைக்குத் தொட்டியை நிரப்பும்போது வெறும் தண்ணீரை ஊற்றாதீர்கள், அதே அளவில் கரைத்த மருந்தையே ஊற்றுங்கள். கையுறை போடுங்கள். தூளைக் கொட்டும்போது மூக்கைக் கட்டுங்கள். போரிக் அமிலம் சோடா உப்புப் போலவே இருக்கும், குசினிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. பிள்ளைகளும் கர்ப்பமாக இருப்பவர்களும் அந்தப் பக்கம் வரவேண்டாம். இந்தப் பலகையில் அகப்பை, தட்டு, தொட்டில் செய்யாதீர்கள். மிஞ்சிய கரைசலை வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றிவிட்டால் மரம் கருகும். கிணற்றுப் பக்கமும் வாவிப் பக்கமும் வேண்டாம். மூடியுள்ள பரலில் ஊற்றி, "நஞ்சு" என்று எழுதி, அடுத்த லோட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மருந்து தண்ணீரில் கரைந்து வந்துவிடும். மழை படும் கேற்றுக்கும் வேலித் தூணுக்கும் இது உதவாது.

செலவு எவ்வளவு? ரூபாய்க் கணக்கு எழுதினால் நீங்கள் வாசிக்கும்போது பழசாகியிருக்கும், அதனால் இப்படிச் சொல்கிறேன்: மருந்து, பொலித்தீன், ஒரு ஆளின் இரண்டு நாள் கூலி எல்லாம் சேர்த்து, முதல் லோட்டில் நான் எறிந்த 17 பலகையில் 4 பலகையின் விலை. அடுத்த தடவை தொட்டி இருக்கிறது, கரைசலும் மிச்சம் இருக்கிறது, இன்னும் குறையும்.

5. காய வைப்பதும் அடுக்குவதும்

பொலித்தீனைப் பிரித்த பிறகு பலகைகளை நிழலில் அடுக்குங்கள். நிலத்திலிருந்து குறைந்தது ஒன்றரை அடி உயரம், சீமெந்துக் கல்லின்மேல். மாரியில் வெள்ளம் ஏறும் வளவு என்றால் போன வெள்ளத்தின் அடையாளத்தைச் சுவரில் பார்த்து அதற்கு மேலே வையுங்கள். கல்லுக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு தகரத் துண்டை வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும்படி வைத்தால், கறையான் ஒளிந்து ஏற முடியாது. தகரத்தைச் சுற்றி வெளியே வரும்போது மண் பாதை கண்ணுக்குத் தெரிந்துவிடும். சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்குங்கள். அடுக்குக்குக் கீழே மரத்தூள், சீவல், கடுதாசி எதுவும் கிடக்கக்கூடாது.

பலகைக்கு இடையில் 1 அங்குலச் சிலாகைத் துண்டுகளை இரண்டு அடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழே ஒரே நேர்கோட்டில் வையுங்கள். கோடு விலகினால் பலகை வளையும். அந்தச் சிலாகைத் துண்டுகளும் மருந்துத் தொட்டியில் ஊறியிருக்க வேண்டும். நான் பழைய விறகுத் துண்டுகளை வைத்தேன், உளுவை நானே கொண்டுபோய் நடுவில் வைத்தது போலாயிற்று.

மூங்கிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பந்தல் போட்டு மிஞ்சிய மூங்கிலைக் கொட்டிலில் சொருகி வைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. மூங்கில் முழுக்க மாச்சத்து. உளு முதலில் அங்கே பெருகி, பிறகு பலகைக்கு இறங்கும். வெளியே எடுங்கள். பட்டையோடு உள்ள விறகையும் எடுங்கள்.

முனைகளுக்கு மிச்சப் பெயின்ற் பூசுங்கள். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் முனை முந்திக் காய்ந்து வெடிக்கும். வெடிப்பு என்பது வண்டுக்கு முட்டை இட வசதியான இடமும்கூட.

நம் பக்கத்துக்கு ஏற்ற காலக்கணக்கு இதுதான்: மழை விட்டு, மாசி பங்குனியில் வெட்டி அரியுங்கள். பங்குனி சித்திரையில் மருந்தும் சுற்றிக் கட்டுவதும். வைகாசியிலிருந்து கச்சானில் காயவிட்டால் 1 அங்குலப் பலகை மூன்று மாதத்தில் வேலைக்கு வந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் உள்ளே எடுத்துவிடலாம். நான் முதல் தடவை ஐப்பசியில் அரிந்தேன். வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து தை வரை பலகை காயவே இல்லை.

6. மாதம் ஒரு தரம்

அடுக்குக்கு அடியில் கறுப்புப் பொலித்தீன் நிரந்தரமாக விரித்து வையுங்கள். மாதத்தில் ஒரு நாள் டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். துளை கண்டால் பென்சிலால் வட்டம் போட்டுத் திகதி எழுதுங்கள். பழைய துளையா, புதுத் துளையா என்ற குழப்பம் இதோடு தீர்ந்துவிடும். துளை நிறைய இருந்தால் மெல்லிய கடுதாசியைப் பசை போட்டு மேலே ஒட்டிவிடுங்கள். உள்ளே உயிர் இருந்தால் கடுதாசியைத் துளைத்துக்கொண்டு வரும். ஆறு மாதம் கடுதாசி முழுசாக இருந்தால் பெரும்பாலும் பழைய கதைதான். இன்னொரு ஆறு மாதம் அப்படியே விட்டுப் பாருங்கள்.

7. விழுந்துவிட்டால்

அந்தப் பலகையை அன்றைக்கே வெளியே எடுங்கள். ஒன்றிரண்டு துளைதான், அதுவும் ஓரத்து வெள்ளையில் என்றால், வெள்ளையை முழுதாகக் கிழித்து எரித்துவிட்டு வைரத்தை வைத்துக்கொள்ளலாம். துளை பரவியிருந்தால் முழுப் பலகையையும் எரியுங்கள். மனம் வராது. எனக்கும் வரவில்லை. "மறுகா பாப்பம்" என்று மூலையில் சாத்தி வைத்தேன், பக்கத்தில் இருந்த மகோகனிக்கும் போனது.

காய்ந்த பலகைக்கு வெங்காரக் கரைசலைத் தூரிகையால் இரண்டு மூன்று தடவை பூசலாம். ஆனால் அது மேலோடு நிற்கும். பூசிவிட்டுச் சீவினால் மருந்தெல்லாம் சீவலோடு போய்விடும். ஆகவே அளவாக வெட்டி, சீவி, துளை போட்டு எல்லாம் முடித்த பிறகு பூசுங்கள். நன்றாகக் காயவிட்டு வார்னிஷ் அடியுங்கள். அதையும் மேசையின் கீழ்ப்பக்கம், அலுமாரியின் முதுகு, காலின் அடி என்று கண்ணுக்குத் தெரியாத இடம் எல்லாம் அடிக்க வேண்டும். வார்னிஷ் மூடிய மரத்தில் வண்டு முட்டை இட முடியாது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழு மட்டும் வார்னிஷைத் துளைத்துக்கொண்டு வரும். என் மேசையில் நடந்தது அதுதான்.

வெயிலில் கறுப்புப் பொலித்தீனால் மூடிச் சூடாக்குவது மெல்லிய துண்டுகளுக்குச் சரிவரலாம். ஆனால் பலகையில் துளை போட்டு வெப்பமானியை நடுவில் சொருகிப் பாருங்கள். வெளியே கை சுடுகிறது என்பதற்காக உள்ளே 56 பாகை வந்துவிட்டது என்று எடுக்கக்கூடாது.

மண்ணெண்ணெய், டீசல், கழிவு ஒயில் பூசச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆழத்தில் உள்ள புழுவுக்கு அது எட்டாது. அதற்குப் பிறகு பசையும் பிடிக்காது, வார்னிஷும் பிடிக்காது, கொட்டிலில் தீ அபாயமும் சேரும். தளபாடம் செய்யும் மரத்தில் பூசவே வேண்டாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. நெல் சேமிக்கும் இடங்களில் வைக்கும் நச்சு மாத்திரை. சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று வயல் சூழ்ந்த ஊர்களில் அதைப் பற்றித் தெரியாதவர் இல்லை, "இரண்டு மாத்திரை போட்டு மூடிவிடு" என்று எனக்கும் ஒருவர் சொன்னார். காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து வரும் வாயு ஆளைக் கொல்லும். வீட்டோடு ஒட்டிய கொட்டிலில் அதை வைத்தால் அறையில் படுத்திருப்பவர்கள் எழும்பமாட்டார்கள். பயிற்சி பெற்றவர்கள் மட்டும் தொட வேண்டிய சாமான் அது.

பூச்சி அடிக்கும் ஆட்களைக் கூப்பிடுவதாக இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: மருந்தின் பெயர் என்ன, போத்தலில் பீடைகொல்லிப் பதிவு இலக்கம் இருக்கிறதா, எத்தனை மாதத்துக்கு உத்தரவாதம் எழுதித் தருவீர்கள். லேபல் இல்லாத கலனில் கொண்டுவந்து அடித்தால் திருப்பி அனுப்புங்கள். எனக்கு வந்தவர்கள் அப்படித்தான் வந்தார்கள். காசு வாங்கிக்கொண்டு மணக்க மணக்க எதையோ அடித்துவிட்டுப் போனார்கள். இரண்டு மாதத்தில் திரும்பவும் மா கொட்டியது. அழைத்தபோது, "அது வேற உளு" என்றார்கள்.